நாலு பக்கத்தில் பொய் இருக்காது

ஐயா, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. எழுதுகிறவரின் தாள் பறக்கிறது. தாள் பறப்பதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. எதையாவது எடுத்து மேலே வைக்கத் தோன்றும். அச்சகத்திலேயே காலம் தள்ளியவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன். யாரும் மிரட்டவில்லை. யார் மேலும் எனக்குக் கோபமும் இல்லை. நிதானமாகச் சொல்கிறேன், அவரும் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். அவசரத்தில் எழுதினால் பிழை வரும்.

நான் நடத்தும் வாரப் பத்திரிகைக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. தொழிற்பேட்டையில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'நாலு பக்கம்' என்பார்கள், இருப்பதே அவ்வளவுதான் என்பதால். பெரிய பத்திரிகைகளில் எங்கள் தொழிற்பேட்டை வர வேண்டுமென்றால் அமைச்சர் யாராவது நாடா வெட்ட வர வேண்டும். எங்கள் நாலு பக்கத்தில், கழிப்பறைக்குப் போகக் கையைத் தூக்கி அனுமதி கேட்கும் பெண்கள் வந்தார்கள். பசை நெடியில் மயங்கி விழுந்தவர்களும், பிள்ளை உண்டான செய்தி தெரிந்ததுமே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் வந்தார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் ஆலை வாசல்களில் நின்று விற்பார்கள். 'நாலு பக்கத்தில் பொய் இருக்காது' என்று கூவித்தான் விற்பார்கள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அதைக் கேட்கும்போது வரும் சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. இதை என் மனைவியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பொய் இருக்கக் கூடாதென்றால் அதற்கு ஒரு வேலைமுறை வேண்டும். என்னுடையது எளிமையானது. தொட்டுப் பார்க்காததை எழுத மாட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நானே போய்த் திருகிப் பார்ப்பேன். படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது என்றால் ஆட்டிப் பார்ப்பேன். அப்படியும் எப்போதாவது தவறு வந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் போடுவோம். எதிராளிகள் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிப்பார்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி.

ஷூ கம்பெனியின் பின் கதவுக்கு வருகிறேன்.

அது நீளமான கூடம். ஒரு முனையில் முன்வாசல். அங்கேதான் பசை டின்களை அடுக்கியிருப்பார்கள். மறு முனையில் பின்புறச் சந்துப் பக்கம் பார்த்தபடி ஓர் இரும்புக் கதவு. அதற்கு வெளிப்பக்கம் கொண்டி, கொண்டியில் பூட்டு. வேலை நேரம் முழுவதும் பூட்டித்தான் இருக்கும். தோல் துண்டுகள் அந்த வழியாகத் திருட்டுப் போகின்றன என்பது நிர்வாகம் சொன்ன காரணம். நடுவில் பெண்கள் உட்கார்ந்து ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவார்கள். முன்வாசல் பக்கம் ஒரு பொறி பட்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டு எழுதினோம். பதில் இல்லை. அதற்கப்புறம் வாரா வாரம் முதல் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட ஆரம்பித்தேன். 'பின் கதவு: இந்த வாரமும் பூட்டித்தான் இருக்கிறது.' அவ்வளவுதான், ஒரே வரி. பத்திரிகை வெளிவரும் காலையில் கட்டுகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போகும்போது அந்தச் சந்தில் நுழைந்து, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் விற்பனைக்குக் கொடுப்பேன். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போய் இழுத்திருக்கிறேன்.

என் தங்கை அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். உடன்பிறந்தவள். கம்பெனியில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். மேலாளரே அப்படித்தான் கூப்பிடுவாராம். படிப்பு ஏறவில்லை, பேச்சு மட்டும் ஏறியது என்று எங்கள் அம்மா சொல்வார். சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கூட்டம் போட மாட்டாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே பேசுவாள். நான் எழுதியதை அவள் முழுவதும் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன். முதல் பக்க மூலையை மட்டும் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த வாரமும் அதே வரிதானா? உனக்குக் கை வலிக்காது" என்று கிண்டல் செய்வாள்.

அந்த வாரம் ஒரு வரி அல்ல. முதல் பக்கம் முழுவதும் பின் கதவுதான். காரணம் இருந்தது. எவ்வளவோ மனுக்களுக்கு அப்புறம் தொழிலாளர் துறை அதிகாரி நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். பெரிய பத்திரிகை ஒன்றின் நிருபரும் கூட வருவதாக இருந்தது. அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் பெட்டிச் செய்தியைப் பார்த்துத்தான் வருகிறேன் என்றார். அதிகாரி வரும் நாளும் எங்கள் பத்திரிகை வரும் நாளும் ஒன்று. 'பின் கதவு இன்றும் பூட்டித்தான் இருக்கிறது' என்று தலைப்பு. முதல் நாள் மதியமே அச்சடித்து, வெளியூர்க் கட்டுகளைப் பேருந்தில் ஏற்றியாகிவிட்டது. அதிகாரியின் அலுவலகத்துக்கும் நிருபருக்கும் ஆளுக்கொரு பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் என் தங்கை பூட்டோடு வந்தாள்.

மதியத்துக்கு மேல் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. ஷூக்கள் வந்து வந்து குவிந்திருக்கின்றன. மேலாளர் கத்தினார், கெஞ்சினார், யாரும் வாய் திறக்கவில்லை. வாயாடியே வாய் திறக்கவில்லையென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்கு லாரி நின்றுகொண்டிருந்தது. கடைசியில் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். அப்போதுதான் இவள் எழுந்து போய், பூட்டையும் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே மறுபடி மாட்டிவிடுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பூட்டு இல்லாத சாவியை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேலாளர் மேசையில் வைத்துவிட்டாராம். இதையெல்லாம் அவள் நடித்தே காட்டினாள். அச்சகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு பூட்டை என் மேசையில் இருந்த தாள்களின் மேல் வைத்தாள்.

"இனிமே உன் பேப்பர் பறக்காது அண்ணா. இதை இழுத்துப் பாக்கச் சந்துக்குப் போக வேணாம், உக்காந்த இடத்திலேயே இழுத்துக்கோ."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கூட வந்திருந்த பெண்கள் அந்த மதியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுக்கட்டாக அங்கேயே கிடந்தது, ஒருத்தி அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தாள். நான் பொறாமைப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் இரண்டு வருடமாக எழுதித் திறக்காத கதவை அவள் ஒரு மதியத்தில் சும்மா உட்கார்ந்து திறந்துவிட்டாள், உண்மைதான். அதில் எனக்குப் பெருமைதான்.

என் கவலை வேறு. அவர்கள் போன பின் மிஷின்காரரிடம் அதைச் சொன்னேன். எங்கள் அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் மணி வெளியூர் வரைக்கும் போய்விட்டது. யானையை யாரோ பிடித்துக் கட்டிவிட்டார்கள். நாளைக்கு அதிகாரி வருவார், கதவைத் தள்ளுவார், அது திறந்துகொள்ளும். கையில் எங்கள் பத்திரிகை இருக்கும். மிஷின்காரர், ஒரு துண்டுச் சீட்டு அடித்து உள்ளே வைத்துவிடலாமே, 'கதவு திறந்தது, தொழிலாளருக்கு வெற்றி' என்று போட்டால் இன்னும் நல்ல செய்திதானே என்றார். நல்ல யோசனை. ஆனால் வெளியூர்க் கட்டுக்குள் யார் போய்ச் சீட்டு வைப்பது? அதிகாரி கையில் இருப்பதற்குள்? மேலாளர் பல கூட்டங்களில் எங்களைப் பொய்ப் பத்திரிகை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு நானே ஆதாரம் அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். ஒரு தடவை பொய் என்று ஆகிவிட்டால் பின்னால் எழுதியது, முன்னால் எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். பசை நெடி பொய், கழிப்பறை பொய், வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் பொய். எனக்காக இல்லை, அவர்களுக்காகத்தான் யோசித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதிகாரி வருவது நிர்வாகத்துக்கும் தெரியும். அவர் வந்து போகும்வரை திறந்து வைத்துவிட்டு அடுத்த வாரம் புதுப் பூட்டு மாட்டியிருப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் எப்படியும் செய்யப்போவதை நான் சற்று முன்னதாகச் செய்தேன். அதிகாரி தன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், நிருபர் ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு பகல். மாலையில் திறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் வழக்கம்போல் கட்டுகளை எடுத்துக்கொண்டு சந்தில் நுழைந்தேன். பூட்டு என் சட்டைப்பையில் இருந்தது. சாவி போடாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம் அது. கொண்டியில் மாட்டி அமுக்கினேன். பிறகு, என் முறைப்படி, ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. வாசலுக்குப் போய்ப் பத்திரிகையை விற்பனைக்குக் கொடுத்தேன். வேலைக்குள் நுழைந்துகொண்டிருந்த என் தங்கை தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன அண்ணா, பழைய செய்தியைப் போட்டிருக்க?"

பார்க்கலாம் என்றேன். அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் ஓடிப்போய்த் திறக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பாள். அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது?

தீ, அதிகாரி வருவதற்கு முன்னால் பிடித்தது. பசை டின்கள் பக்கத்தில் ஒரு ஒயர் பொறி விட்டது. அதை நான் செய்யவில்லை, அது நிர்வாகத்தின் அலட்சியம். அதைப் பற்றியும் முன்பே எழுதியிருக்கிறோம்.

உயிர் தப்பிய ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சங்கத்தில் சேரப் பயந்து ஒதுங்கியே இருந்தவள். கையெல்லாம் கட்டு. நான் கேட்டேன், அவள் சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். முதலில் எல்லாரும் முன்வாசலைப் பார்த்துத்தான் ஓடினார்களாம். அதுதானே பழக்கம், பின் கதவு பூட்டியிருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். அந்த நேரத்தில் தீ பெரிதில்லை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் போய்விடலாம். இவளைப் போலச் சிலர் அப்படித்தான் வெளியே வந்தார்கள். ஆனால் என் தங்கை மேசை மேல் ஏறி நின்று கூப்பிட்டிருக்கிறாள்.

"இந்தப் பக்கம் வாங்கடி, பின் கதவு தெறந்திருக்கு. நேத்துத் தெறந்துட்டோமில்ல, மறந்துட்டீங்களா?"

முன்வாசலுக்குப் பாதி தூரம் போனவர்கள்கூடத் திரும்பியிருக்கிறார்கள். அவள் சொன்னால் கேட்பார்கள். முந்தின நாள் கையை மடியில் வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் பின்னால் போனார்கள். நம்பாதவர்கள் பிழைத்தார்கள்.

வாட்ச்மேன்தான் முதலில் சந்துக்கு ஓடினார். பூட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாராம். சாவி அவரிடம் இல்லை; மேலாளரின் அறை பூட்டிக் கிடந்தது, மேலாளர் அன்று ஊரில் இல்லை. கல்லை எடுத்து அடித்தார்கள். பூட்டு நசுங்கித் திறக்கும்போது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. என் தங்கை கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு அவள் கடைசியில் நின்றிருப்பாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, அவள்தான் முதலில் இருந்தாள். கதவைத் தள்ளியவள் அவள். தண்ணீர் வேண்டாம், அவர் எழுதட்டும்.

அடுத்த இதழில் முதல் பக்கம் முழுவதும் பெயர்கள். வேறு எதற்கும் இடம் இருக்கவில்லை. எல்லாப் பத்திரிகைகளும் எங்கள் பழைய முதல் பக்கத்தை எடுத்துப் போட்டன. கருகிய கதவின் படமும் எங்கள் தலைப்பும் அருகருகே. அதே காலையில் எச்சரித்த சின்னப் பத்திரிகை என்று எழுதினார்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் தங்கையின் கணவர், மூன்றாம் நாள், அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நீங்க எழுதினது அப்படியே நடந்துடுச்சு மச்சான். அவதான் உங்களைக் கேலி பண்ணிட்டே இருந்தா."

நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

நிர்வாகம், பூட்டை முந்தின நாளே சங்கத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டோம் என்று சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. பழைய பூட்டைக் கொடுத்துவிட்டு அதே மாதிரி வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு செய்தார்கள். பூட்டு நசுங்கியிருந்ததால் எந்தச் சாவியும் அதற்குள் போகவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. முதலாளியைப் பிடித்தீர்கள், வாட்ச்மேனையும் பிடித்தீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் நான் யார் பெயரையும் எழுதவில்லை, ஐயா. ஒவ்வொரு இதழையும் எடுத்துப் பாருங்கள். 'கதவு பூட்டப்பட்டிருந்தது' என்று மட்டும்தான் எழுதினேன்.

வாட்ச்மேனின் மனைவி வாரா வாரம் அச்சகத்துக்கு வர ஆரம்பித்தாள். வீட்டுவேலை செய்கிறவள், கையில் ஈரம் காயாமலே வந்து நிற்பாள்.

"அவர் பூட்டலைங்க. சாவியையே முதல் நாள் குடுத்துட்டார். நீங்க ஒரு வரி எழுதினாப் போதும், உங்க பேப்பர்ல பொய் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களே."

ஆதாரம் வேண்டும் அம்மா என்றேன். தொட்டுப் பார்க்காததை எழுதுவதில்லை என்று என் முறையைப் பொறுமையாக விளக்கினேன். அவள் புரிந்துகொண்டு போய்விடுவாள், அடுத்த வாரம் மறுபடி வருவாள். போன வாரம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பத்திரிகையை வாங்கி மிஷின்காரரிடம் நீட்டி, தன் வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா, படித்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் படித்தார். 'கதவு பூட்டப்பட்டிருந்தது' என்ற வரி வந்ததும் நிறுத்தினார். தீ விபத்துக்கு அப்புறம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. முதல் நாள் சாயங்காலம் என் மேசையில் பூட்டு இருந்ததைப் பார்த்தவர். மறுநாள் அது அங்கே இல்லாததையும் பார்த்தவர். ஒருநாளும் கேட்டதில்லை. அன்று தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "இதுல பேர் விட்டுப் போச்சு சார்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். இன்றுவரை வேலைக்கு வரவில்லை.

அவர் சொன்னது சரி. யார் என்பது விடுபட்டால் அது முழுச் செய்தி ஆகாது. அதனால் வந்தேன்.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலாளி வெளியே வருவார், அவருடைய வக்கீல் பூமாலைக்குச் சொல்லி வைத்திருப்பார். ஒயரும் பசை டின்களும் யாருக்கும் நினைவிருக்காது. சங்கம் என்ற சொல்லையே இனி அந்தத் தொழிற்பேட்டையில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். கம்பெனி வேறு பெயரில் திறந்தாகிவிட்டது; எந்தச் சங்கத்திலும் சேர மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தவர்களுக்குத்தான் வேலை. தப்பிய பெண்களில் பாதிப் பேர் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வேறு எங்கே போவார்கள்? கையில் கட்டுப் போட்டிருந்தவளும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பேச்சே கிடையாதாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வாட்ச்மேன் உள்ளே இருப்பார், திறந்தால் எல்லாரும் தோற்பார்கள். எப்படிப் பார்த்தாலும் மிச்சம் எதுவும் இல்லை.

எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பிழை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆம். ஆம். 'பெட்டிச் செய்தி' சரி. 'சட்டைப்பையில் இருந்தது' சரி. 'மாலையில் திறந்துவிடும் எண்ணத்தில் பூட்டினேன்.' ஏன் நிறுத்திவிட்டார்? என்ன கேட்கிறார்?

எந்தச் சாவியால் என்றா?

இத்தனை நாளில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. சாவி மேலாளர் மேசையில் இருந்தது. அது எனக்கு முதல் நாளே தெரியும். என் தங்கை நடித்துக் காட்டியபோது அந்த இடத்தில்தான் நான் அதிகமாகச் சிரித்தேன். பூட்டை அமுக்கும்போது அதை மறுபடி திறக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. திறந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அந்த வரியை அடித்துவிடுங்கள். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போடுகிறேன், அதுதான் முறை. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. அன்று காலை நாங்கள் போட்ட தலைப்பிலும் தவறில்லை, ஐயா. நானே இழுத்துப் பார்த்தேன்.